அப்பச்சியின் காலுக்கு ஒரு சூடு பார்க்கும் பலகை

ஆத்தங்குடி கல் பதித்த தரையில் ரத்தம் சிந்தினால் சட்டென்று தெரியாது. எங்கள் வளவில் பதித்திருப்பது காவிச் சிவப்பு, நடுவில் வெள்ளைப் பூ. அன்றைக்குக் காலையில் ஆத்தா தரையைக் கூட்டிக்கொண்டு வரும்போது வெள்ளைப் பூவில் மட்டும் பழுப்பாக ஒரு பொட்டு, இரண்டு கல் தள்ளி இன்னொரு பொட்டு. வெற்றிலை எச்சில் என்று நினைத்து யாரையோ திட்டினாள். அப்புறம்தான் பொட்டுகள் வரிசையாக ஊஞ்சல் வரைக்கும் போவது தெரிந்தது. ஊஞ்சலில் அப்பச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கம் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம், வேறு ஊர்க்காரர்கள் தாத்தா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே, காலண்டர் மாட்டுகிற குட்டி ஆணி ஒன்று தலை வரைக்கும் ஏறியிருந்தது. எடுத்துக் காட்டினேன். "இது எப்பப்பா?" என்றார். என்னிடம் கேட்கிறார்.

அவருக்கு 71 வயது, சர்க்கரை வந்து 22 வருஷம். அன்றைக்கே டாக்டரிடம் போனோம், டிடி ஊசி போட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, டாக்டர் நைலான் இழை ஒன்றை எடுத்தார். தூண்டில் நரம்பு போல இருக்கும், காலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும், அதற்கு மேல் அழுத்தாது. அப்பச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, பத்து இடத்தில் தொட்டுத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். மூன்று தடவை "தெரியுது" என்றார் அப்பச்சி, அதில் ஒன்று டாக்டர் கையை எடுத்த பிறகு சொன்னது. அடுத்து பயோதீசியோமீட்டர் என்று ஒரு பெட்டி. அதிர்கிற முனையைப் பெருவிரலில் வைத்து வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள், எந்த வோல்ட்டில் அதிர்வு தெரிகிறதோ அதுதான் கணக்கு. 25-ஐத் தாண்டினாலே புண் வரும் ஆபத்து அதிகம். அப்பச்சிக்கு வலது காலில் 41. நான் காரைக்குடியில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் பார்க்கிறவன், எனக்குப் புரிகிற பாஷையில் ஒருத்தர் நோயைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். அழுத்தினால் உள்வாங்கும் மெத்து ரப்பர், சர்க்கரைக்காரர்கள் வீட்டில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதே எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. சோலுக்குள் அழுத்தம் பார்க்கிற சென்சார் வைத்துவிட்டால் எந்த இடத்தில் பாரம் அதிகம் விழுகிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே. இதுதான் என் முதல் யோசனை, இதுதான் முதல் முட்டாள்தனமும்.

எஃப்.எஸ்.ஆர். 402 என்ற சென்சார் பத்து வாங்கினேன். நாணயம் போல மெல்லிய வட்டம், அழுத்த அழுத்த ரெசிஸ்டன்ஸ் குறையும். செருப்புக்கு ஐந்து, அளவை வாங்கிப் போனுக்கு அனுப்ப ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, கணுக்காலில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பேட்டரி. முதல் நாள் பிரமாதமாக ஓடியது. போனில் குதிகால் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்து என் மகள் கைதட்டினாள். இரண்டாம் நாளே வண்டவாளம் தெரிந்தது. அதே ஆள் அதே இடத்தில் அசையாமல் நின்றாலும் அளவு ஊர்ந்துகொண்டே போகிறது, கால் வியர்த்தால் ஒரு கணக்கு, காய்ந்தால் ஒரு கணக்கு. ஈஎஸ்பி32-இல் சென்சார் அளவை வாங்குகிற அனலாக் முனைகளில் (பின்) பாதி, வைஃபை ஓடும்போது வேலை செய்யாது என்பதை மறந்து அந்த பின்களில் இணைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். நான்காம் நாள், விரல் மடங்குகிற இடத்தில் வயர் அறுந்தது. சாலிடர் வைத்தேன். மறுபடி அறுந்தது. கொஞ்சம் தாராளமாகச் சாலிடர் வைத்தேன்.

ஆறாம் நாள் சோலைப் பிரித்துப் பார்த்தபோது அந்தச் சாலிடர் பொட்டு ரப்பரைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தது. எள் அளவுதான் இருக்கும். அப்பச்சியின் காலைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே அதே அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவருக்குத் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. காலிலிருந்து ஆணியை எடுத்துவிட்டு, நானே கூலி இல்லாமல் இன்னொன்று அடித்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் பிய்த்தேன். உணர்ச்சி இல்லாத காலுக்குக் கீழே, பாரம் விழுகிற இடத்தில், வீட்டில் செய்த எதையும் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்ததை இன்றுவரை மாற்றவில்லை. கடையில் விற்பதை முறையாகச் சோதித்துச் செய்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

அதோடு கணக்கிலேயே ஓட்டை இருந்தது. எங்கள் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கோடியிலிருந்து கோடிக்கு அப்பச்சி ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறார், அத்தனையும் வெறுங்காலோடு. செருப்புக்குள் உலகத் தரத்தில் சென்சார் வைத்தாலும் அது வாசலில் உட்கார்ந்து தெருவைத்தான் அளந்துகொண்டிருக்கும். சென்சார் நெய்த காலுறை எல்லாம் வெளிநாட்டில் வந்திருக்கிறது. சித்திரை மாதத்துக் காரைக்குடியில் வேட்டி கட்டிய மனிதரைக் காலுறை போடச் சொல்லிப் பாருங்கள்.

அழுத்தத்தை விட்டுவிட்டுச் சூட்டுக்கு வந்தது, டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையால். புண் திறப்பதற்கு முன்னால் அந்த இடம் உள்ளே கன்றிச் சூடாகும், வலி தெரிகிறவன் தானாகக் காலை மாற்றி வைப்பான், இவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார், அதனால் சூட்டைப் பாருங்கள் என்றார். தேடிப் படித்தபோது இந்த விஷயத்தின் வேர் நம் பக்கம் இருப்பது தெரிந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன், 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் இருந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டு அடிபட்டே போகின்றன என்று காட்டியவர் அவர். கையால் தடவிப் பார்த்துச் சூடான இடத்தைக் கண்டுபிடிப்பாராம். பிற்பாடு அமெரிக்காவில் இதையே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் ஆம்ஸ்ட்ராங், லாவரி குழு வெளியிட்ட ஆய்வில் 225 பேரை 18 மாதம் கவனித்தார்கள். தினமும் காலின் சூட்டை அளந்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்குப் புண் வந்தது, அளக்காதவர்களில் 12.2 சதவீதம். விதி சுலபம். இடது காலின் ஒரு இடத்தையும் வலது காலின் அதே இடத்தையும் ஒப்பிட வேண்டும். 4 ஃபாரன்ஹீட், அதாவது 2.2 செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால், நடையைக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வலது காலுக்கு இடது கால்தான் அளவுகோல் என்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பேட்டரி பேங்க்கில் நாங்கள் பார்ப்பதும் அதேதான், ஒரு பேட்டரியின் வோல்ட்டேஜை மட்டும் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, பக்கத்துப் பேட்டரியோடு ஒப்பிட்டால் எது படுக்கப் போகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் வீட்டில் கிடந்த கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கியை எடுத்தேன். அதில் உடம்பு மோடில் வைத்தால் பாதத்துக்கு "லோ" என்றுதான் வரும், ஏனென்றால் பாதம் 30, 31 டிகிரியில் இருக்கும், நெற்றிக் கணக்கு அதற்கு ஒத்துவராது. பொருள் சூடு பார்க்கிற மோடுக்கு மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் ஒரே தூரத்தில் பிடித்துப் பார்த்தால் வேலை நடக்கிறது. சாலிடரிங் தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். எங்கள் வீட்டில் நிற்காமல் போனதற்குக் காரணம் மனிதர்கள். நான் காலை ஏழரைக்குக் கடைக்குப் போய்விடுவேன், ஆத்தாவுக்குக் கண்ணில் புரை, அப்பச்சிக்குக் குனிய முடியாது. நோட்டில் பத்து நாள் எழுதியிருக்கிறது, அப்புறம் பால் கணக்கு.

சரி, காலை வைத்தால் தானே பார்த்துச் சொல்கிற பலகை ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். பலகைக்கு மேல்மச்சில் தேடினால் பர்மா தேக்கில் இரண்டு மணைகள் கிடந்தன, அளவு கச்சிதம். தூக்கிக்கொண்டு இறங்கும்போதே ஆத்தா பார்த்துவிட்டாள். "கல்யாண மணைடா அது. அதுல காலை வைக்கச் சொல்லப் போறியா?" திரும்ப மேலே வைத்தேன். உடைந்த ஜன்னல் கதவு ஒன்றிலிருந்து 40 செ.மீ.க்கு 34 செ.மீ. அறுத்து எடுத்தேன், அதுவும் தேக்குதான். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறாமல் இருக்க மரம் நல்லது.

ஈரக் காலைச் செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்லித் தடத்தைப் பென்சிலால் வரைந்தேன். ஒரு காலுக்கு ஆறு இடம்: பெருவிரல், முன்பாதத்தில் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரலுக்குக் கீழே ஒவ்வொன்று, உள்வளைவு, குதிகால். மொத்தம் பன்னிரண்டு. அந்த இடங்களில் பள்ளம் பறித்து, டி.எஸ்.18பி20 என்ற சூடு பார்க்கிற சென்சாரைப் படுக்க வைத்து, கம்ப்யூட்டருக்குப் போடுகிற தெர்மல் பேஸ்ட் தடவி, மேலே 20 மி.மீ. செம்பு வட்டம். செம்புத் தகடு பாத்திரக்கடையில் வெட்டு மிச்சமாகக் கிடைத்தது. வட்டத்தின் விளிம்பைப் பலகையோடு சமமாக எமரி பேப்பரில் தேய்த்தேன். தேய்த்தது போதுமா என்று பார்க்க விரலை நம்பவில்லை, என் விரலுக்குத் தோல் தடிப்பு. பஞ்சை உருட்டி மேலே இழுத்தேன், ஒரு நூல் மாட்டினாலும் மறுபடி எமரி. மூன்று ராத்திரி இதற்கே போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை, முந்தைய சாலிடர் பொட்டு கண்ணிலேயே நின்றது. செம்பின் மேல் மெல்லிய கேப்டான் டேப் ஒட்டி மின்சாரத் தொடர்பையும் மறைத்தேன். உள்வளைவு பலகையில் படாது, அங்கே மட்டும் எம்.சி.ஆர். துண்டை மேடாக ஒட்டி அதன் மேல் வட்டத்தை வைத்தேன். குதிகால் தினமும் ஒரே இடத்தில் நிற்க, பின்னால் ஒரு மரச்சட்டம், அதையும் ரப்பர் சுற்றி. உட்கார்ந்துதான் காலை வைக்க வேண்டும், ஏறி நிற்கக் கூடாது.

சென்சார் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டி.எஸ்.18பி20-க்குக் கம்பெனி சொல்கிற துல்லியம் கூடக் குறைய அரை டிகிரி. ஒன்று அரை டிகிரி கூடக் காட்டி இன்னொன்று அரை டிகிரி குறையக் காட்டினால் ஒரு டிகிரி வித்தியாசம் சும்மாவே வந்துவிடும், நாம் பிடிக்க நினைப்பதோ 2.2. அதனால் பதிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, பாலிதீன் பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த தூக்குச் சட்டியில் முக்கி, கலக்கிக்கொண்டே கால் மணி நேரம் அளவு எடுத்தேன். பத்து சென்சார்கள் 0.7 டிகிரிக்குள் இருந்தன. இரண்டு மட்டும் தனியாக இரண்டு டிகிரி தள்ளி நின்றன. சந்தையில் இதற்குப் போலி நிறைய, அந்த இரண்டும் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். மாற்றிவிட்டு, ஒவ்வொன்றின் வித்தியாசத்தையும் நிரலில் எழுதிக் கழித்துவிட்டேன். உண்மையான சூடு என்ன என்பது எனக்குத் தேவையில்லை, பன்னிரண்டும் ஒரே பொய்யைச் சொன்னால் போதும்.

முதல் தடவை காலை வைத்தபோது அப்பச்சியின் இடது பெருவிரல் 85 டிகிரி.

ஆத்தா பதறிப்போனாள். 85 என்பது இந்தச் சென்சாருக்கு மின்சாரம் கிடைத்து எழுந்ததும் உள்ளே இருக்கும் எண். அளந்து முடிப்பதற்குள் கேட்டாலும், நடுவில் மின்சாரம் போய் வந்தாலும் அதையே சொல்லும். வயரை மிச்சம் பிடிக்க டேட்டா வயரிலேயே மின்சாரமும் வாங்குகிற முறையில் இணைத்திருந்தேன், பன்னிரண்டு பேர் பந்திக்கு அந்தச் சோறு காணவில்லை. மூன்று வயராக மாற்றினேன். அப்புறம் மைனஸ் 127. சென்சாரைப் படிக்கிற ரெடிமேட் நிரல் (லைப்ரரி) "ஆளே இல்லை" என்பதை அப்படித்தான் சொல்லும். ஒவ்வொரு சென்சாருக்கும் நடுவிலிருந்து தனித்தனி வயர் விட்டிருந்ததால் சிக்னல் சிதறுகிறது என்று புரிந்தது. ஒரே வயர் பன்னிரண்டையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஆரத்தில் பூக் கோர்ப்பதுபோல் மாற்றி, டேட்டா வயரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் 2.2 கிலோ ஓம் போட்டதும் அடங்கியது. நாள் கணக்குக்கு டி.எஸ்.3231 கடிகார மாட்யூல்.

மின்சாரத்துக்குச் சுவர் அடாப்டர் கூடவே கூடாது. மலிவு அடாப்டர்களில் லேசாகக் கசிவு இருக்கும், நமக்குச் சுருக்கென்று தெரியும், இவருக்குத் தெரியாது. பவர் பேங்க் போட்டேன், இவ்வளவு குறைவாக இழுத்தால் ஒன்றும் சொருகவில்லை என்று நினைத்து அது தானாக அணைந்துவிடுகிறது. கடைசியில் ஒரு 18650 லித்தியம் செல், காலுக்கு எட்டாத பெட்டியில். சார்ஜ் போடுவது நான் மட்டும், அதுவும் பலகையைக் கழற்றி எடுத்து வைத்த பிறகு.

சின்னத் திரையில் எண்கள் வந்தன. அப்பச்சி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றார், படிக்கவில்லை என்று அர்த்தம். அதனால் பேச வைத்தேன். டி.எஃப்.பிளேயர் என்று ஒரு குட்டி மாட்யூல், மெமரி கார்டில் 0001, 0002 என்று எம்பி3 போட்டு வைத்தால் கேட்டதைப் பாடும். ஆத்தாவின் குரலில் பதிந்தேன்: "இஞ்சாருங்க, இடது குதிகால் சூடாருக்கு, தம்பிக்கு போன் போடுங்க." ஐம்பது வருஷமாக அந்தக் குரலுக்குப் பழகிய காது, ஒரு வாரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டது. மகளின் குரலில் மாற்றினேன். "ஐயா, இன்னைக்கு எல்லாம் சரியாருக்கு!" இப்போது காபி குடிப்பதற்கு முன்னாலேயே பலகையைத் தேடுகிறார்.

அப்புறம் பொய் எச்சரிக்கைகள். முதல் பதினைந்து நாளில் ஏழு தடவை. அதுவும் எல்லாம் இடது கால், மூன்று டிகிரி வரைக்கும். டாக்டருக்கு ஒரு தடவை போனும் செய்துவிட்டேன், காலைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். சென்சாரைச் சந்தேகப்பட்டு மறுபடி தூக்குச் சட்டியில் முக்கினேன், சரியாக இருந்தது. காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பச்சி ஊஞ்சலில் இடது காலை மடித்து வலது தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், வலது காலால் தரையை உந்துகிறார். ஒரு கால் அடைகாத்த முட்டை, இன்னொரு கால் ஆத்தங்குடிக் கல்லில். அங்கிருந்து நேராகப் பலகைக்கு வந்தால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? சரி, பலகையை முற்றத்தின் ஓரத்துக்கு மாற்றி அங்கே நாற்காலி போட்டேன். எட்டு மணிக்கு மேல் முற்றத்து வெயில் சாய்வாக இறங்கி ஒரு காலில் மட்டும் விழுகிறது. மறுபடி எச்சரிக்கை. இப்போது பட்டாலையின் உள்சுவர் ஓரம். எழுந்து பல் தேய்த்ததும் நாற்காலியில் இரண்டு காலையும் ஒரு மரப்பலகை மேல் வைத்துக் கால் மணி நேரம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அளவு. ஊஞ்சல் அப்புறம். அளவு நிலைக்கும்வரை நிரலும் காத்திருக்கும், ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். இதற்குப் பிறகு வித்தியாசம் வழக்கமாக 0.3 முதல் 0.9-க்குள் நின்றது.

நிஜ எச்சரிக்கை ஆவணியில் வந்தது. கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுக் கல்யாணம், இரண்டு நாள். எம்.சி.ஆர். செருப்பு பார்க்க நன்றாக இல்லை என்று பழைய தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், இது எனக்குப் பிறகுதான் தெரியும். திரும்பி வந்த மறுநாள் வலது முன்பாதம், பெருவிரலுக்குக் கீழே, 2.6 டிகிரி கூட. காலைத் திருப்பிப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற காய்ப்பு, மஞ்சளாகக் கெட்டியாக, வேறொன்றும் இல்லை. பொய் எச்சரிக்கை கேட்டுச் சலித்த ஆத்தா, "உன் பலகைக்கு வேற வேலை இல்ல" என்றாள். அடுத்த நாள் 2.9.

டாக்டர் காய்ப்பை பிளேடால் மெல்ல மெல்லச் சீவினார். இதை வீட்டில் யாரும் செய்துவிடாதீர்கள், ஆணிக்கால் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள், அந்த ஆசிட் நல்ல தோலையும் தின்னும், நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது சீவலில் அடியில் கறுப்பாக ஒரு மிளகளவு. பழைய ரத்தம், காய்ப்புக்கு அடியிலேயே கட்டியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் அதே செருப்பில் நடந்திருந்தால் திறந்திருக்கும் என்றார். சோலில் அந்த இடத்தில் பாரம் விழாமல் குழி வெட்டிய செருப்பு, பன்னிரண்டு நாள் நடை கிடையாது, வாசல் தாண்டக் கூடாது. பத்தாம் நாள் வித்தியாசம் 1.1-க்கு வந்தது. குழி வெட்டிக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன். டாக்டர் எழுதிய படத்தைப் பார்த்துவிட்டு, "கல்லு குத்துற இடத்துல பள்ளம் கேக்குறாரு, அதானே?" என்றார். நான் ஆறு மாதம் படித்தது அதுதான்.

பலகையைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், அதற்குத் தெரியாதது நிறைய. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் ஒரே இடம் கன்றினால் வித்தியாசம் பூஜ்யம், "எல்லாம் சரியாருக்கு" என்று என் மகள் குரலில் சொல்லிவிடும். விரல் இடுக்குச் சேற்றுப்புண் தெரியாது, பாதத்தின் மேல்பக்கம் தெரியாது. ஒரு காலில் ரத்த ஓட்டம் குறைந்து குளிர்ந்துபோனால், நல்ல காலைச் சூடு என்று காட்டும். அதற்காகத்தான் வருஷம் ஒரு தடவை டாப்ளர் என்ற ஸ்கேன் கருவி வைத்து ரத்த ஓட்டம் பார்க்கிறார்கள். ஒரு பாதம் முழுக்க வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் பலகையைத் தேடவே வேண்டாம், அன்றைக்கே டாக்டர், வலி இல்லாவிட்டாலும். அதனால் கண்ணால் பார்ப்பதை விடவில்லை, ராத்திரி காலைக் கழுவி இடுக்கெல்லாம் துடைத்து, முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கிறோம். வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி எம்.சி.ஆர். வாங்கினோம். அதற்கு நடந்த சண்டை தனிக் கதை. சாமி அறைக்கு நாலடி முன்னால் ஒரு கோடு போட்டு, அதுவரை செருப்பு என்று சமாதானம் ஆனது. கோடு போட்டது ஆத்தா.

செலவு, எறிந்த எஃப்.எஸ்.ஆர். எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். பலகை மட்டும் என்றால் 2,300-க்குள் முடியும்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பேன் என்று அப்பச்சி நின்றார். 27 தடவை நடந்தவர். 150 கிலோமீட்டருக்குக் குறையாது, காவடியோடு போகிறவர்கள் செருப்பு போட மாட்டார்கள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குன்றக்குடி வரைக்கும், அந்தக் குழி வெட்டின செருப்போடு, வெயில் ஏறுவதற்குள், நடுவில் இரண்டு இடத்தில் காலைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து காரில் என்றார். பத்து கிலோமீட்டர்தான். விடிய நாலு மணிக்குக் கிளம்பினார். பலகை என்னோடு ஆட்டோவில் வந்தது.

குன்றக்குடியில் ஒரு மண்டபத்தில் சுவரோரம் உட்கார வைத்து, அரை மணி கழித்துக் காலை வைக்கச் சொன்னேன். 0.8. "ஐயா, இன்னைக்கு எல்லாம் சரியாருக்கு!" என்று பலகை கத்தியதும் சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் காலை நீட்டினார்கள். அப்பச்சியின் தடத்துக்கு வெட்டியது, மற்றவர்களுக்குப் பாதி சென்சார் காற்றைத்தான் பார்க்கும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒருத்தருக்கு மைனஸ் 127 வந்தது, ஏழாம் நம்பர் சென்சார் வழியில் குலுங்கி விட்டுப்போயிருக்கிறது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். "எனக்கும் சர்க்கரைதான் அப்பு, எனக்கு ஒண்ணு அடிச்சுத் தா" என்றார். செய்தித்தாளை விரித்தேன், காலை நனைத்து வைத்தார், வரைந்துகொண்டேன்.

அந்தத் தாள் இப்போது கடை மேசையில், பேட்டரி டெஸ்டருக்கு அடியில் இருக்கிறது. பெருவிரல் நுனியிலிருந்து குதிகால் வரை 21 செ.மீ., அப்பச்சியுடையது 25. செம்பு வட்டத்தை 16 மி.மீ.க்குக் குறைக்க வேண்டும். ஏழாம் சென்சாருக்கு வயர் மாற்றியாகிவிட்டது. ஆச்சியின் பலகைக்கு யார் குரல் என்று கேட்க மறந்துவிட்டேன்.